நஞ்சும் பெயரும்

உயிர்கள் யாவும் இன்பத்தை விழைந்து துன்பத்தை வெறுக்கும் இயல்பின. அவ்விழைவு குற்றமன்று, இன்பமல்லாத ஒன்றை இன்பமென மயங்கிப் பற்றுதலே குற்றமாம். அம்மயக்கத்தினின்றும் மக்களைக் காத்தற்பொருட்டே அறநூல்களும் எழுந்தன, அரசர்தஞ் சட்டங்களும் எழுந்தன. ஆயினும் அவ்விரண்டும் ஒரு நெறிப்பட்டன அல்ல. அறநூல் செயலின் தன்மையை நோக்கி, 'இது தகும், இது தகாது' என உணர்த்தும். சட்டமோ பெயர் குறித்தும், அளவு குறித்தும், எல்லை குறித்தும் 'இதனைச் செய்யற்க' என விலக்கும். பெயர் குறித்து விலக்குவதாயின், அப்பெயரில் அடங்காத ஒன்றை என் செய்வது? 'சட்டம் விலக்காதது தகுவதே' என்று கொள்ளலாமோ? தருக்க நூலார் பொழுதுபோக்கிற்கு எழுப்பும் வினாப்போல இது தோன்றினும், இற்றைநாளில் இதன் விடையில் எத்தனையோ இளைஞரின் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கின்றது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வாம்.

ஈண்டுக் கருதிய பொருள் இன்னதென முதற்கண் வரையறுத்தல் வேண்டும். அபினி கசகசாச் செடியின் காயிற் பிறப்பது. கஞ்சாவும் செடியே. கொக்கேயின் தென்னமெரிக்க மலைச்சாரலில் வளரும் கோக்கா இலையினின்றும் எடுக்கப்படுவது. இவற்றின் தீங்கை உலகம் நெடுங்காலமாக அறியும். ஆதலின் 1961 ஆம் ஆண்டிலும் 1971 ஆம் ஆண்டிலும் நாடுகள் பல கூடி உடன்படிக்கை செய்து, விலக்கத்தக்க பொருள்களைப் பெயர் கூறிப் பட்டியலிட்டன. நம் நாட்டிலும் 1985 இல் இதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பட்டியலென்பது ஒரு வேலி. வேலி உண்டாயின், அதன் இடுக்கைத் தேடுவாரும் உண்டாவர். விலக்கப்பட்ட ஒரு பொருளின் மூலக்கூற்றில் ஓரிரண்டு அணுக்களை நீக்கியும் சேர்த்தும், மயக்கும் ஆற்றல் மாறாமலும் சட்டத்தின் பெயர் பொருந்தாமலும் இருக்குமாறு புதியதொன்றைச் சோதனைச்சாலையிற் பிறப்பித்தல் அவர் தொழில். இங்ஙனம் தைத்தமைத்த மருந்துகளே நாம் கருதியவை. ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் அலுவலகம் இத்தகைய புதிய மயக்கப் பொருள்களை ஆயிரத்துக்கு மேலாகக் கணக்கிட்டுள்ளது. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு புதிய பொருள்கள் தலைகாட்டின.

இலக்கணம் பயின்றார்க்கு இது பிறிதொரு வகையாலும் விளங்கும். 'நிலம்' என்பதனை 'நிலன்' என்றால் ஈற்றெழுத்து மாறியும் பொருள் மாறுவதில்லை. அதனைப் போலி என்பர். 'கலம்' என்பதனைக் 'களம்' என்றாலோ ஓரெழுத்து மாறிய அளவிற் பொருள் முற்றும் வேறாய்விடுகின்றது. புதுமருந்து சமைப்பான் விரும்புவது போலி. பெயர் வேறாகிப் பயன் ஒன்றாதல் வேண்டும் என்பதே அவன் வேட்கை. ஆயின் தான் மாற்றிய எழுத்து போலியாய் நின்றதோ, வேறு சொல்லாய்ப் போயிற்றோ என்பதனை அவன் அறியான். அதனை அறிவிப்பது அப்பொருளை உட்கொண்ட இளைஞன் உடம்பே.

இதற்கு மெய்யான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னிய மாகாணத்து வடபகுதியில் 1982 ஆம் ஆண்டில், சிலர் சிலைபோல் அசைவற்றவராய் மருத்துவரிடம் கொணரப்பட்டனர். பேச எண்ணினும் நா எழவில்லை. நடக்க எண்ணினும் கால் எழவில்லை. அறிவு மாத்திரம் உள்ளே விழித்திருந்தது. பெரும்பாலும் முதியோரைப் பற்றும் பார்க்கின்சன் நோயின் குறிகள் அனைத்தும், சில நாளளவில், வயதிற் குறைந்த அவர்கள்பால் முற்றியிருந்தன. வில்லியம் லாங்ஸ்டன் என்னும் நரம்பியல் மருத்துவர் ஆராய்ந்தபோது, அவர் யாவரும் ஹெராயினுக்கு மாற்றென விற்கப்பட்ட ஒரு செயற்கைப் பொருளை ஊசி வழியாக ஏற்றிக்கொண்டவர் என்பது புலனாயிற்று. அதனைச் சமைத்தவன் முறையில் நேர்ந்த பிழையால் எம்.பி.டி.பி. என்னும் வேறொரு பொருள் அதன்கண் பிறந்திருந்தது. அது மூளையுட் புகுந்து, அங்குள்ள நொதி ஒன்றினால் நஞ்சாக மாறி, உடலசைவை ஆளும் டோபமைன் உயிரணுக்களைத் தேடிச் சென்று கொன்றது. மருந்து கொடுத்து ஓரளவு அசைவை மீட்டனர்; இறந்த அணுக்களை மீட்டாரில்லை. பிற்காலத்தில் அந்நஞ்சு பார்க்கின்சன் நோயின் காரணத்தை ஆராய்தற்குக் கருவியாயிற்று. ஆயினும் அந்நன்மைக்குத் தம் உடம்பை விலையாக ஈந்தோர் அறிந்து ஈந்தவரல்லர்.

இத்தகைய மருந்துகளின் பெருக்கத்தைக் கண்ட அமெரிக்க அரசினர், 1986 இல், விலக்கப்பட்ட பொருளுக்குப் பெரிதும் ஒத்த பொருளும் விலக்கப்பட்டதே என்று சட்டஞ் செய்தனர். நம் முன்னோர் உபலக்கணம் என்று கூறும் முறை இதுவே. ஒன்றைக் கூறி அதன் இனத்தையும் கொள்ளவைத்தல் அதன் இயல்பு. திருவள்ளுவனார் பொருட்பாலிற் கள்ளுண்ணாமை என ஓரதிகாரம் வகுத்தமை கொண்டு, 'அவர் விலக்கியது பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள்ளினையே. தூளினையும் மாத்திரையினையும் விலக்கிற்றிலர்' என வாதிடுவான் ஒருவன் உளனாயின், அவனை நூலுணர்ந்தார் நகுவர். பெயரைப் பற்றுவான் சொல்லறிவான். தன்மையைப் பற்றுவானே பொருளறிவான்.

இனிப் பெயரின்கண் நிகழும் வஞ்சத்தை நோக்குவாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்தினர். சுடுகாட்டை நன்காடு என்றல் மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வைத்துக்கொண்ட சொல் குழூஉக்குறி. அதற்கு வேடர் கள்ளினைச் 'சொல்விளம்பி' என வழங்கியதை உரைகாரர் எடுத்துக்காட்டுவர். மயக்கப் பொருளுக்கு மறைபெயர் இடுதல் பழைய வழக்கே என்பது இதனால் அறியப்படும். ஆயின் வேடர் தாம் குடிப்பது கள் என்பதனைத் தாம் அறிந்திருந்தனர். இக்காலத்து வணிகரோ வாங்குவான் அறியாமைப்பொருட்டே பெயரிடுகின்றனர். 'குளியலுப்பு' என்றும், 'செடியுரம்' என்றும், 'நறும்புகைக்குரிய மூலிகை' என்றும் உறையின்மேல் எழுதி விற்றனர். அவ்வுறையிலேயே 'மனிதர் உட்கொள்ளத்தக்கதன்று' எனவும் பொறித்தனர். இது நுணுகி நோக்கத்தக்கது. அவ்வாக்கியம் முற்றும் உண்மை; அப்பொருள் மெய்யாகவே மனிதர் உட்கொள்ளத்தக்கதன்று. அவ்வுண்மையை அவர் எழுதியதோ வாங்குவானைத் தடுத்தற்கன்று. வழக்கு வந்துழித் தம்மைக் காத்தற்கே. ஆதலின் அது சொல்லளவில் மெய்யாய்க் கருத்தளவில் பொய்யாயிற்று. உண்மையையே கருவியாகக் கொண்டு பொய்செய்தல் பொய்யினும் கொடிது. பொய்க்கு அஞ்சுவானும் இதற்கு அஞ்சான் ஆகலின்.

பெயரின் ஆற்றலை உணர்ந்து செயலாற்றியதற்கும் ஒரு சான்று உளது. ஜப்பானில் இப்பொருள்களைச் 'சட்டத்திற்குத் தப்பிய மருந்து' எனப் பொருள்படும் சொல்லால் வழங்கிவந்தனர். அப்பெயரே இளைஞர்க்கு அழைப்பாய் அமைந்தது. தப்பியதாயின் தீங்கில்லை என அவர் கொண்டனர். 2014 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 24 ஆம் நாள், தோக்கியோ நகரத்து இக்கெபுக்குரோவில், அதனைப் புகைத்து அறிவழிந்த ஒருவன் தன் காரை நடைபாதைமேற் செலுத்தினான். ஒருவர் உயிர் துறந்தார், பலர் காயமுற்றனர். அடுத்த திங்களில் அந்நாட்டரசு பொதுமக்களிடமே புதுப்பெயர் கேட்டு, 'அபாய மருந்து' எனப் பெயரை மாற்றிற்று. பெயர் மாற்றத்தோடு சட்டமும் காவலும் கடுமையாயின. மறு ஆண்டளவில் தெருக்களில் இருந்த விற்பனைக் கடைகள் ஒழிந்தன. பெயர் ஒன்றே இதனைச் செய்ததெனல் மிகை. எனினும் பொருளின் தன்மையைப் பெயர் மறையாது நிற்றல் அறத்தின் முதற்படி என்பது தெளிவு.

இனி இதன்மேல் எழும் தடைகளைக் கூறி விடுப்பாம்.

'சட்டம் விலக்கியபின் விலகுவோம். விலக்குமுன் குற்றம் யாது?' என்பது முதற்றடை. சட்டம் தீமையைப் பிறப்பிப்பதன்று. முன்னரே உள்ள தீமையைக் கண்டு அறிவிப்பதே. மெபெட்ரோன் என்னும் பொருள் 1929 இலேயே இரசாயன நூலார்க்குத் தெரிந்தது. இங்கிலாந்து அதனை 2010 ஏப்ரலில் விலக்கிற்று. இந்தியா 2015 பிப்ரவரியிற் பட்டியலிற் சேர்த்தது. சேர்த்த நாளுக்கு முன்னாள் அதனை உண்டவன் இதயம் மெல்லெனத் துடித்தும், பின்னாள் உண்டவன் இதயம் விரைந்து துடித்தும் வேறுபட்டதில்லை. அரசிதழை மூளை படிப்பதில்லை. அன்றியும் சட்டம் எப்பொழுதும் பின்னே வருவது. செருமனியில் 'ஸ்பைஸ்' என்னும் பெயரால் விற்ற மூலிகைத்தூளில் ஜே.டபிள்யூ.எச். 018 என்னும் செயற்கைப் பொருள் கலந்திருந்தமை 2008 ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்டது. 2009 ஜனவரியில் அரசு அதனை விலக்கிற்று. சில வாரங்களுக்குள் அதன் உடன்பிறப்பாகிய 073 அதே உறைக்குட் புகுந்தது. 2019 மே மாதத்தில் சீனம் பென்ட்டனில் இனத்தை முழுதும் விலக்கியபின், 1950களில் சுவிட்சர்லாந்து மருந்துக் குழுவினரால் ஆக்கப்பட்டு மருந்தாகப் பயன்படாது ஒழிந்த நைட்டசீன் இனம் சந்தையில் உயிர்த்தெழுந்தது. அதன் வகைகள் சில பென்ட்டனிலினும் வலியன. ஆதலின் சட்டம் வேண்டற்பாலதே; அதனையே நம்பி நிற்றல் போதாது.

'என் உடம்பு என்னுடையது; தீங்கு வரினும் எனக்கே வரும்; அதனைத் தேர்ந்துகொள்ள எனக்கு உரிமையில்லையோ?' என்பது இரண்டாந்தடை. முந்தியதினும் இது வலிது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின் தேர்தலென்பது அறிந்து கொள்ளுதலேயன்றி அறியாது கொள்ளுதலன்று. உறைக்குள் இருப்பது யாதென்று வாங்குவான் அறியான். விற்பானும் பெரும்பாலும் அறியான். மயக்கும் தூளை நீர்மத்திற் கரைத்து உலர்ந்த தழைமேல் தெளிப்பர். அது ஓரிடத்து மிகுந்தும் ஓரிடத்துக் குறைந்தும் படியும். ஒரே உறையிலிருந்து ஒருவன் எடுத்த தழை வாளா இருக்க, மற்றவன் எடுத்த தழை அவனை வீழ்த்தும். 2016 ஜூலை 12 ஆம் நாள் நியூயார்க்கு நகரத்துப் புரூக்ளினில் ஒரே பொழுதில் 33 பேர் உணர்விழந்து நடைப்பிணம்போல் தள்ளாடினர். அவர் புகைத்த பொருள் கஞ்சாவின் மயக்குஞ் சத்தினும் 85 மடங்கு வலிதென ஆராய்ச்சியாளர் கண்டனர். 2018 இல் இல்லினாய் மாகாணத்தில், எலியைக் கொல்ல இடும் நஞ்சு இத்தகைய தழையிற் கலந்திருந்தமையால், 150க்கு மேற்பட்டோர் குருதி உறையாது மூக்கினும் வாயினும் சிறுநீரினும் ஒழுகத் துன்புற்றனர், சிலர் இறந்தனர், உயிர்பிழைத்தாரும் மாதக்கணக்கில் மருந்துண்ண நேர்ந்தது. இவருள் எலிநஞ்சைத் தேர்ந்தவர் யாவர்? கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பவனைத் 'தன் வழியைத் தானே தேர்ந்தான்' என்று உரைத்தல் பொருந்துமோ? தீங்கு தனக்கு மட்டுமே என்பதும் பொய் என்பதற்கு இக்கெபுக்குரோ நடைபாதையும், மகனை இழந்த ஒவ்வோர் இல்லமுமே சான்று.

அன்றியும், உயிர் தானே நின்று அறிவதன்று. கருவிகரணங்களின் துணைகொண்டே அறிவது என்பது சித்தாந்த முடிபு. விளக்கின்றி இருளிற் கண் காணாதவாறுபோல, மனம் முதலிய கருவிகளின்றி உயிர் தன் நன்மையை நாடமாட்டாது. மயக்கப் பொருள் முதலிற் கெடுப்பது அக்கருவிகளையே. ஏனைத் தீயொழுக்கங்களில் தவறினவன், தவறினேன் என்று உணர்ந்து மீளுதற்கு அறிவு எஞ்சி நிற்கும். ஈண்டோ மீட்கவேண்டிய அறிவே முதலிற் பறிபோகின்றது. உரிமையைப் பயன்கொண்டு உரிமையுடையானையே அழித்தல் உரிமையாகாது. இளைஞர் மூளை இருபது வயதைக் கடந்தும் முதிர்ந்து வருவதென மருத்துவ நூலார் கூறுவதனால், அவர்பால் இக்கேடு பின்னும் மிகும்.

'அங்ஙனமாயின் குற்றவாளி யார்? அப்பொருளைக் கண்டறிந்த அறிஞரன்றோ?' என்பது மூன்றாந்தடை. ஜே.டபிள்யூ.எச். என்னும் எழுத்துக்கள் தென்கரோலினாவிலுள்ள கிளெம்சன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராய் விளங்கிய ஜான் ஹஃப்மன் என்பாருடைய பெயரின் முதலெழுத்துக்கள். அவர் உடம்பினுள் கஞ்சாச் சத்து பற்றும் இடங்களை ஆராய்தற்பொருட்டு நூற்றுக்கணக்கான பொருள்களை ஆக்கி, முறைப்படி ஆய்விதழ்களில் வெளியிட்டார். அவ்வேடுகளைப் படித்தவருள் வணிகரும் இருந்தனர். பர்டியூ பல்கலைக்கழகத்து டேவிட் நிக்கல்ஸ் என்பார் மூளையின் இயல்பறிதற்கு ஆக்கிய எம்.டி.ஏ. என்னும் பொருளும் அங்ஙனமே மாத்திரையாகி விற்பனைக்கு வந்தது. அதனோடு தொடர்புடையனவாக மரணங்கள் பதிவாயின. 2011 இல் 'நேச்சர்' இதழில் அவர் இதனை எழுதித் தம் உள்ளத்து வேதனையை மறையாது வெளியிட்டார். அறிவு தீப்போன்றது, அட்டிலில் எரிவதும் கூரையில் எரிவதும் ஒரே தீ. அடுப்பு மூட்டியவனைக் கூரை கொளுத்தியவன் என்றல் நீதியன்று. ஆயினும் ஈண்டு ஒன்று உளத்தைச் சுடுகின்றது. தீங்கு கருதாத அறிஞர் இராப்பகலாய் வருந்துகின்றார். தீங்கறிந்து விற்றவரோ அடுத்த உறைக்குப் பெயர் தேடுகின்றார். அருளொடு கூடாத அறிவு பொருளொடு கூடியவழி இதுவே விளையும். ஆதலின் பழியின் பெரும்பகுதி, அறிந்தும் மறைத்து விற்பானையே சாரும்.

உண்டவன்பால் நாம் கொள்ளவேண்டுவது யாது? அவனைக் குற்றவாளியென்று ஒதுக்குதல் எளிது. அதனால் வருங்கேடு பெரிது. இத்தகைய மரணங்களுட் பல, உடனிருந்த தோழர் 'அழைத்தால் அகப்படுவோம்' என்று அஞ்சி உதவி கோராமையால் நிகழ்கின்றன. தோழன் விழித்தெழாது கிடக்க, மூச்சுத் தளர, இதழ் நீலமாகக் கண்டும் 'உறங்கி எழுவான்' என்று விட்டுச்செல்லுதல், விற்றவன் செய்த கொலையை முடித்துவைத்தலேயாம். அவனை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, தனியே விடாது, 108 என்னும் எண்ணுக்கு உடனே அழைத்தலும், உட்கொண்டது யாதென மருத்துவரிடம் மறையாது கூறுதலும் அப்பொழுதைக்குரிய அறம். அபினியினத்து மயக்கமாயின் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உயிரை மீட்கவல்லது. காலந்தாழ்த்தால் அதுவும் பயனின்றாம். பழக்கம் முற்றினார்க்கு 14446 என்னும் எண்ணில் நடுவண் அரசின் துணை கட்டணமின்றிக் கிடைக்கின்றது. நோயாளியை வைத்து நோயை வெறுத்தலே மருத்துவர் நெறி. பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அதுவே நெறியாதல் வேண்டும். வீட்டில் வசைக்கு அஞ்சுவான் வெளியில் நஞ்சுக்கு அஞ்சான்.

இனி முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறி அமைவாம். சட்டம் விலக்காதது தகுவதே என்பது, வேலியில்லா நிலமெல்லாம் தன்னிலம் என்பானது வாதம் போல்வது. சட்டம் நமக்குப் புறத்தே நின்று சிலவற்றைப் பெயர் கூறி விலக்கும். பெயரில்லாதவற்றை விலக்குதற்கு அகத்தே ஒரு காவல் வேண்டும். அக்காவல், 'இது யாது? இதனைத் தருவான் இதன் உண்மைப் பெயரை ஏன் மறைக்கின்றான்? இதனால் என் அறிவு தெளியுமோ, கலங்குமோ?' என மூன்று வினாவை வினவும் பழக்கமே. அப்பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுதல் பெற்றோர் கடன். அதனை அச்சுறுத்தலானன்றி அன்பினால் ஊட்டுதல் ஆசிரியர் கடன். பெயரைத் தந்து பொருளை மறைப்பார் உலகில் என்றும் உளர். பெயரைக் கடந்து பொருளை நோக்கும் கண்ணை நம் மக்கட்கு அளிப்போமாயின், ஆயிரம் பெயரோடு வரினும் நஞ்சு நஞ்சாகவே அவர்க்குத் தோன்றும்.